பிரேக் மாஸ்டரும் பறக்கும் தட்டும்

எங்கள் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டின் முன்னால் காலடியில் கிடக்கும் ரப்பர் மேட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஷூவின் முன்பாதி நுழையும் அளவுக்கு. அந்த இடத்தில் பிரேக் கிடையாது, கிளட்ச் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே அந்த மேட்டைத் தேய்த்தவர் என் வீட்டுக்காரர்.

அவருக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்தே அதே வேலைதான். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுக்கிறவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். பழகுகிறவர் பதறினால் இவர் அதை மிதிக்க வேண்டும். சம்பளமே அதற்குத்தான். ஆனால் இவருடைய வலது கால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் வேலையை விடாது. பஸ்ஸில் போனால் முன்சீட்டுக் கம்பியை மிதிக்கும். லிஃப்ட் இறங்கும்போது தரையை மிதிக்கும். முடிவெட்டுகிற கடையில் நாற்காலியைச் சாய்த்தால் கால்பலகையை உதைத்துக் கடைக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். டிவியில் கார் துரத்தும் காட்சி வந்தால் எங்கள் டீப்பாய்க்கு அடி விழும். எங்கள் காரில் வெளியே போனாலும், கை பழகட்டும் என்று அவரிடம் கற்றுக்கொள்கிற யாராவதுதான் ஓட்டுவார்கள்; அவர் பக்கத்து சீட்டில், நான் பின்சீட்டில். தெருவில் அவருக்குப் பெயரே பிரேக் மாஸ்டர். வீடு தேடி வருகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு, நான் கதவைத் திறந்ததும் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். நான் கண்டுகொள்ள மாட்டேன். நானே எத்தனையோ பேருக்கு அப்படித்தான் அடையாளம் சொல்லியிருக்கிறேன்.

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கால் சும்மா இப்படி ஆகவில்லை. எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை டிரைவிங் ஸ்கூல் காருக்கு முன்னால் ஓடி வந்துவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்தவர் பதற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டார். இவர் கால் முந்திக்கொண்டது. கார் நின்றபோது குழந்தையின் கை பம்பர்மேல் இருந்ததாம். அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல், தூங்கிக்கொண்டிருந்த மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. அதற்குப் பிறகுதான் கால் இந்த மாதிரி ஆனது. அதனால் மேட் ஓட்டையானபோது, புதுசு வாங்குங்கள் என்று நான் நச்சரிக்கவில்லை.

மகளுக்கும் இந்தக் கதை தெரியும். தெரிந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து தாங்கிக்கொள்ள வேண்டியவள் அவள்தானே. அவள் முதலில் அப்பாவிடம்தான் ஓட்டப் பழகினாள். எங்கள் சொந்தக் காரில் அவர் பக்கம் பிரேக் இல்லை என்பதால் வாயாலேயே பிரேக் போட்டார். “மெதுவா, மெதுவா. நாய் பாரு. சைக்கிள் பாரு. அது திரும்பப் போவுது பாரு.” சைக்கிள் திரும்பவே இல்லை. அது பாட்டுக்கு நேராகப் போய்விட்டது. மகள்தான் ஓரமாக வண்டியை நிறுத்தி, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு இறங்கி நடந்தாள்.

அப்புறம் அவள் செய்த காரியம்தான் தெருவுக்கே சிரிப்பாகப் போனது. பிரேக் மாஸ்டர் மகள், இரண்டு தெரு தள்ளி இருக்கும் இன்னொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, எங்கள் இருவருக்கும் தெரியாமலேயே பழகி, லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அவர் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “போட்டோ நல்லா வந்திருக்கு” என்றார். போய்க் காரைக் கழுவ ஆரம்பித்தார். முந்தின நாள்தான் கழுவியிருந்தார்.

மகள் இரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை பார்க்கிறவள். இந்த வருஷம் அவளுக்கு ஒரு மலையூர் ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைத்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் இரத்த மாதிரிகள் வாங்கி வர வேண்டும். கார் ஓட்டுகிறவர்களுக்குத்தான் அந்த வேலை. எங்கள் காரை அவளுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவானது. அதுவரை எல்லாம் சுமுகம். யார் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பது என்று வந்தபோதுதான் வீடு இரண்டாகப் பிரிந்தது.

“முதல் தடவை மலை ரோடு. நான் பக்கத்துல உட்கார்ந்து வரேன் பாப்பா” என்றார்.

“நீங்க பக்கத்துல உட்கார்ந்தா என்னால ஓட்ட முடியாதுப்பா. கை நடுங்குது. தெரியாத ஆளு உட்கார்ந்தாகூட ஓட்டிடுவேன்.”

“நான் உட்காராம இந்தக் கார் வாசலைத் தாண்டாது.”

“அப்ப கார் இங்கேயே நிக்கட்டும். கார் இல்லேன்னா அந்த வேலையும் இல்ல. நான் வரலேன்னு போன் பண்ணிச் சொல்லிடுறேன்.”

அவள் சொன்னால் செய்கிறவள். யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு பேருமே ஒற்றைக்காலில் நிற்கிற ஜாதி. சேர வேண்டிய நாளுக்கு இரண்டு மாதம் இருந்தது. நடுவில் நான். காலையில் அவருக்குத் தேநீர் கொண்டுபோனால், “அவகிட்டச் சொல்லிடு” என்று ஆரம்பிப்பார். அவளுக்குக் கொண்டுபோனால், “அவர்கிட்டச் சொல்லிடும்மா” என்று ஆரம்பிப்பாள். ஒரு நாள் இரண்டு தம்ளரையும் நானே குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தட்டு வந்து விழுந்தது.

டிரைவிங் ஸ்கூல்காரர்கள் ரிவர்ஸ் எடுக்கப் பழக்குகிற மைதானத்தை ஒட்டி ஒரு பெரிய பார்க். அங்கே கொஞ்ச நாளாக அங்கங்கே இரும்புக் கம்பம் நட்டு, கம்பத்தில் ஒரு கூடையும் கூடைக்கு மேலே வட்டமாகத் தொங்கும் சங்கிலிகளும் வைத்திருந்தார்கள். இவர் அதைக் குப்பை போடுகிற ஏற்பாடு என்றே நினைத்திருக்கிறார். அன்று ஒரு தையல்காரருக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆரஞ்சுத் தட்டு பறந்து வந்து பானெட்டில் மோதியிருக்கிறது. தையல்காரர் எதையோ இடித்துவிட்டோம் என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இவர் பிரேக் போட்டார். கார் முதலிலிருந்தே நின்றுகொண்டுதான் இருந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு நாலு வாங்கு வாங்கிவிடுவது என்று இறங்கியவர், அதன் அடியில் மார்க்கரால் ஒரு போன் நம்பர் எழுதியிருப்பதைப் பார்த்தார். அணைத்து வைத்திருந்த போனைப் போட்டுக் கூப்பிட்டார். வேலி ஓரமாக மூச்சு வாங்க ஓடி வந்தது, எங்கள் கடைத்தெரு மருந்துக்கடைக்காரம்மா. நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அடுத்த கடை. இவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்தான் அவரும். மூன்று தடவை டெஸ்டில் கோட்டைவிட்டு நாலாவதில் தேறியவர்.

“மாஸ்டர்! நீங்களா! மன்னிச்சிடுங்க மாஸ்டர், காத்து தள்ளிடுச்சு.”

“வீசறதுக்கு முன்னாடி எதிர்ல பாக்க மாட்டீங்களாம்மா? நான் உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன்?”

“கண்ணாடியப் பாரு, பக்கத்துல பாரு, அப்புறம் எடுன்னு சொன்னீங்க. தட்டுல கண்ணாடி இல்லையே மாஸ்டர்.”

அது டிஸ்க் கோல்ஃப் என்கிற ஆட்டம் என்று அந்தம்மா அங்கேயே நின்று விளக்கியிருக்கிறார். சிமெண்ட் மேடையிலிருந்து தட்டை வீச வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழுந்தால் அந்தக் கூடை முடிந்தது. குறைவான வீச்சில் முடித்தவர் கெட்டிக்காரர். அவ்வளவுதான். “ஒண்ணு வீசிப் பாருங்க மாஸ்டர்” என்று கையில் கொடுத்தார்.

அதை எங்கள் வீட்டுக்காரர் வீசினார். தட்டு வலது பக்கம் திரும்பி முள்ளுப்புதருக்குள் போனது. சும்மா இருந்திருக்கலாம். இன்னொன்று வாங்கி வீசினார். அதுவும் அதே புதர். அன்று சாயங்காலம் இரண்டு கையிலும் கீறலோடு வீட்டுக்கு வந்தவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல” என்றார். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷனுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு அடங்கவில்லை என்ற வயிற்றெரிச்சல் முகத்தில் அப்படியே தெரிந்தது.

அடுத்த வாரமே சொந்தமாக ஒரு தட்டு வாங்கினார். இருப்பதிலேயே விளிம்பு கூர்மையாக, இருப்பதிலேயே தூரம் போகிற தட்டு. அதை மருந்துக்கடைக்காரம்மா பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“லைசென்ஸ் வாங்கின அன்னைக்கே லாரி ஓட்டுவீங்களா மாஸ்டர்? இது வேகம் போற தட்டு. வேகமான கைக்குத்தான் அடங்கும். இந்தாங்க, கூடைக்குப் பக்கத்துல போடற தட்டு. தடிமனா, மெதுவா போகும். ரெண்டு வாரத்துக்கு இது ஒண்ணுதான்.”

“ஒண்ணாவது கியரா?”

“ஒண்ணாவது கியர்தான்.”

இப்படிச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. நாலு விரலையும் விளிம்புக்கு உள்ளே மடக்கி, கட்டைவிரலை மேலே வைத்து, ஈரத் துண்டை உதறுகிற மாதிரி மணிக்கட்டைச் சுண்ட வேண்டும். நான் குளிக்கப் போனால் துண்டு இருக்காது. அது கூடத்தில் உதறல் வாங்கிக்கொண்டிருக்கும். தட்டுக்கு அடியில் போன் நம்பர் எழுத வேண்டும் என்பது அந்த ஆட்டக்காரர்களின் வழக்கம். தொலைந்த தட்டு யார் கையில் கிடைத்தாலும் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார்களாம். வேலை நேரத்தில் தன் போனை அணைத்து வைப்பவர் என்பதால், என்னைக் கேட்காமல் என் நம்பரை எழுதிவிட்டார். ஒரு அம்மாவுக்குக் கண்ணாடியின் காது வளைவைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது போன் அடிக்கும். “மேடம், உங்க தட்டு குளத்துல கிடந்துச்சு.” “சார் தட்டு மரத்துல மாட்டியிருக்கு, கம்பு கொண்டுவரச் சொல்லுங்க.” ஒரு பெரியவர் பேச்சோடு பேச்சாக, “வலது பக்கம் ரொம்பப் போகுதும்மா, பிடியைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்க” என்றார். நான் யார் பிடியைத் தளர்த்துவது?

மருந்துக்கடைக்காரம்மா தினமும் எனக்கு அறிக்கை வாசிப்பார். பழிக்குப் பழி வாங்குகிற சந்தோஷம் அதில் கொஞ்சம் இருந்தது. கார் பழகின காலத்தில் இவர் அவரிடம் சொன்னதையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். “நீங்க பயப்படறது காருக்குத் தெரியாதும்மா, உங்க கைக்குத்தான் தெரியும்னு சொல்லுவார் அக்கா. இப்ப நான் சொல்றேன், நீங்க பயப்படறது தட்டுக்குத் தெரியாது மாஸ்டர்னு.”

அப்படி என்னதான் செய்கிறார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். போயிருக்கவே கூடாது, சிரித்துச் சிரித்து வயிறு வலி.

மேடையில் நின்று கையைப் பின்னால் கொண்டுபோனார். முன்கால், அந்தப் பிரேக் கால், டமாரென்று சிமெண்டில் ஊன்றியது. தட்டு கிளம்பியது. கிளம்பின பிறகுதான் ஆரம்பித்தார். “மெதுவா... மெதுவா... திரும்பு, திரும்பு, மரம் பாரு, மரம்!” காற்றில் போகிற தட்டுக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கால் வேறு சிமெண்டை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது. தட்டு மரத்தில் அடித்து விழுந்தது. “சொன்னேன்ல!” என்று அதைத் திட்டிக்கொண்டே நடந்தார்.

அதோடு விட்டாரா? மற்றவர்கள் வீசும்போது பின்னால் சத்தம் போடாமல் நிற்க வேண்டும் என்பது ஆட்டத்தின் மரியாதை. இவருக்கு வாய் நிற்குமா? கூட ஆடிய தபால்காரர் கையை ஓங்கியதும், “இப்ப... இப்ப விடுங்க... இப்ப!” என்றார். தபால்காரர் கையை இறக்கி, திரும்பிப் பார்த்து, “மாஸ்டர், நான் எப்பவோ லைசென்ஸ் வாங்கிட்டேன்” என்றார். பாவம், அந்த மனுஷனையும் இவர்தான் பழக்கியிருக்கிறார்.

கூடையிலிருந்து யார் தட்டு ரொம்பத் தள்ளி விழுந்ததோ அவர்தான் அடுத்து வீச வேண்டும். அதனால் ஒவ்வொரு கூடைக்கும் மேடையை விட்டு இறங்கியதும் முதலில் இவர், அடுத்தும் இவர், அதற்கடுத்தும் இவர். மற்றவர்கள் முகம் சுளிக்காமல் பின்னால் நின்றார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அப்படி நின்றதில்லை.

ஐந்தாவது கூடையில் மருந்துக்கடைக்காரம்மா அவர் பக்கத்தில் வந்து நின்றார். சிரிப்பில்லாமல் பேசினார்.

“மாஸ்டர், எல்லாரும் உங்க காலைக் கிண்டல் பண்றாங்க. காலுல தப்பே இல்ல. முன்கால் அப்படித்தான் கெட்டியா நிக்கணும். உடம்பு நின்னாத்தான் கை வீசும். நாங்க மாசக் கணக்கா பழகறது உங்களுக்குத் தானா வருது. கைதான் விடமாட்டேங்குது. விட வேண்டிய நேரத்துல இன்னும் கொஞ்சம் பிடிக்கிறீங்க. அதான் வலது பக்கம் ஓடுது.”

“விட்டுட்டா தப்பாப் போயிடுமோன்னு...”

“பிடிச்சாத்தான் மாஸ்டர் தப்பாப் போவுது. விடற வரைக்கும் உங்க பொறுப்பு. விட்டாச்சுன்னா அப்புறம் பாக்கத்தான் செய்யணும்.”

அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவரை அறிந்தவள், அது அவருக்கு உறைத்துவிட்டது என்று தெரிந்தது.

வாரங்கள் போயின. அவருடைய தட்டுகள் புதரை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் வந்தன. ஒரு நாள் கூடையில் சங்கிலி சலசலத்தது என்று போனில் சொன்னார். குரலைக் கேட்டால் முதல் குழந்தை பிறந்த செய்தி மாதிரி இருந்தது. என் உச்சி குளிர்ந்துதான் போனது, மறுக்க மாட்டேன். அந்தத் தெம்பில்தான் மகளிடம் போய், “பாப்பா, என்னைப் பார்க் வரைக்கும் கார்ல கொண்டுபோய் விடறியா? வாயே திறக்க மாட்டேன்” என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் போ என்று கண்ணைக் காட்டினேன்.

அவர் ஷூவைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, முன்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கால் கீழே இருந்தால்தானே மிதிக்கும். பார்ப்பதற்குத் தியானம் பண்ணப் போகிறவர் மாதிரி இருந்தது. எங்கள் தெரு தாண்டியது, கடைத்தெரு தாண்டியது, பேச்சே இல்லை. நான் பின்சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு ரோடு சந்திப்பில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. மகள் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் இருந்தாள், நான் பார்த்தேன். ஆனால் சம்மணம் பிரிந்து கால் மேட்டில் இறங்கியது. கையும் சேர்ந்து போய் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டது. கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. காரை ஓரமாக நிறுத்தி, சாவியை டேஷ்போர்டில் வைத்தாள்.

“நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிடறேன்ப்பா. வேற ஆளைப் பாத்துக்கட்டும்.”

இறங்கி நடந்துவிட்டாள். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. “திருப்திதானே? உங்க கால் ஜெயிச்சிடுச்சு” என்றேன்.

காரை அவரே பார்க்குக்கு ஓட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குப் போக அவருக்கு முகம் இல்லை, எனக்கு மனசில்லை. சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. ஆட்டக்காரர்கள் யாரும் வந்திருக்கவில்லை. அவர் பையிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வீசினார். எல்லாம் பழையபடி புதருக்குள் போயின. கடைசித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நான் பிரேக் போட்டதாலதான் அந்தக் குழந்தை பொழைச்சுது. போடாம விட்டு, என் பாப்பாவுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? சொல்லு.”

“அன்னைக்கு உங்க காலடியில பிரேக் இருந்துச்சு. மிதிச்சீங்க, நின்னுச்சு. இங்க எங்க இருக்கு பிரேக்? ரப்பரை மிதிச்சா கார் நிக்குமா? அவ கைதான் நடுங்குது. நடுங்கற கையோட மலை ரோட்டுல போறதா, நடுங்காத கையோட போறதா? நீங்களே சொல்லுங்க மாஸ்டர்.”

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரை மாஸ்டர் என்று நான் கூப்பிட்டது அன்றுதான். அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அதற்கு மேல் பேசப் பிடிக்கவில்லை. அவர் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி, கோபத்தோடு நானே ஒரு வீச்சு வீசினேன். வாழ்க்கையில் முதல் தடவை. அது செங்குத்தாக மேலே போய், எனக்குப் பின்னாலேயே வந்து விழுந்தது.

அவர் வாயைத் திறந்ததைப் பார்த்தேன். பிடி தப்பு, தோள் தப்பு, நின்ற நிலை தப்பு, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார். போய்த் தட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் தள்ளி நின்றார். நான் மறுபடி வீசினேன், உருண்டு போனது. மறுபடி எடுத்துக் கொடுத்தார். கூடை எங்கேயோ இருந்தது. ஒவ்வொரு தடவையும் தட்டு விழுகிற வரைக்கும் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு சத்தம் இல்லை. நான் செய்கிற ஒரு காரியத்தை இந்த மனுஷன் குறுக்கே பேசாமல் பார்த்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டு சரியாகப் போகவில்லை என்று அழுகிறேன் என அவர் நினைத்துக்கொண்டார், நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அறை வாசலில் போய் நின்றார்.

“பாப்பா, போன் பண்ணாத. நீ ஓட்டு. அம்மா முன்னாடி உட்காரட்டும். நான் பின்னாடி உட்கார்ந்துக்கறேன்.”

“பின்னாடி உட்கார்ந்து பேசினாலும் எனக்குக் கேக்கும்ப்பா.”

“பேசினேன்னா வழியிலேயே இறக்கி விட்டுடு. பஸ் பிடிச்சு வந்துடறேன்.”

அவள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. ஆனால் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் போகவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் சாமான்களை ஏற்றிக் கட்டியதெல்லாம் அவர்தான். டயரில் காற்று பார்த்தார், தண்ணீர் பார்த்தார், கண்ணாடிகளைத் துடைத்தார். காரில் ஏறும் வரை அவர் பொறுப்பு என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. அப்புறம் ஷூவைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டில் ஏறிச் சம்மணம் போட்டுக்கொண்டார். மடியில் அந்தத் தடித் தட்டு. அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் இந்தக் காரின் முன்சீட்டு எனக்குக் கிடைத்தது அன்றுதான், அதனால் கொஞ்சம் பெருமையாகவே உட்கார்ந்தேன். காரை அவளிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு.

சமதளத்தில் ஒன்றும் இல்லை. மலை ஏற ஆரம்பித்ததும் பின்னால் அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு வளைவுக்கும் தட்டு மடியில் திரும்புகிற சத்தமும் கேட்டது. பேச்சு மட்டும் இல்லை. மகள் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து ஓட்டினாள். கை நடுங்கவில்லை, நான் அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலேயிருந்து ஒரு லாரி, ரோடு முழுக்கத் தனக்கே சொந்தம் என்பது போல, இறங்கி வந்தது. என் கண் முன்னால் லாரியின் மூக்குதான் தெரிந்தது.

“மெதுவா, மெதுவா! லாரி பாருடி! லாரி!”

யார் கத்தியது என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. நான்தான். என் வலது கால் முழுப் பலத்தோடு கீழே இறங்கி மிதித்திருந்தது. மேட்டில் இருந்த ஓட்டைக்குள் அச்சு வார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

மகள் ஏற்கெனவே ஓரம் கட்டியிருந்தாள். லாரி எங்களைத் தாண்டிக் கீழே போனது. அவள் அமைதியாக முதல் கியரைப் போட்டு வண்டியை மறுபடி கிளப்பினாள்.

பின்சீட்டிலிருந்து கை ஒன்று வந்து என் தோளில் தட்டியது.

“காலை எடு. விட்டாச்சு. இனிமே பாக்கத்தான் செய்யணும்.” இன்னொரு கை தட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. ஆனால் சொல்லிவிட்டார்.

மகள் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பா, நீங்க முன்னாடி வந்து உட்கார்றீங்களா? அம்மாவைப் பின்னாடி அனுப்பிடலாம். தொந்தரவு தாங்கல.”

“வேண்டாம் பாப்பா” என்றார் பிரேக் மாஸ்டர். “இங்கேருந்து எனக்கு நல்லாத் தெரியுது. நீ ஓட்டு.”

அடுத்த வளைவும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. என் கால் அந்த ஓட்டையை விட்டு வெளியே வரவே இல்லை.